மீனும் மோரும் பகையா? மருந்துக் கடையில் நின்று பார்த்த பத்தியக் கணக்கு

தக்கலைப் பக்கம் ஒரு சின்ன மருந்துக் கடையில் 19 வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். மாத்திரையைக் காகித உறையில் போட்டு, காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று எழுதி நீட்டும்போது எதிரில் நிற்பவர் விலையைக்கூட அப்புறம்தான் கேட்பார். முதலில் கேட்பது, “இதுக்குப் பத்தியம் உண்டா?” மீன் தின்னலாமா, மோர் ஊற்றலாமா, ராத்திரி கீரை ஆகுமா, சக்கைப்பழம் தின்ற வாயோடு பால் குடிக்கலாமா என்று அது நீண்டுகொண்டே போகும்.

கொஞ்ச நாள் முன்னால் ஒரு கர்ப்பிணிப் பெண் மாமியாரோடு வந்தாள். ரத்தம் குறைவு, மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. மாமியார் பதற்றத்தோடு என்னிடம் கேட்டது வேறு: “முந்தாநாள் மீன்கறியும் தயிரும் ஒண்ணா தின்னுட்டா, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?” ஒன்றும் ஆகாது அம்மா என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் இரும்புச் சத்து மாத்திரையை எப்போது போடுகிறாய் என்று கேட்டேன். “காலையில சாயா குடிக்கும்போது அக்கா.” மூன்று மாதமாக அப்படித்தான். சாயாவில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. அந்த வீட்டில் மீனையும் தயிரையும் பார்த்து எல்லோரும் பயந்திருக்கிறார்கள். சாயாவை யாரும் கவனிக்கவில்லை.

இதனால்தான் எழுதுகிறேன். “இதோடு அதைச் சேர்க்காதே” என்று யாராவது சொன்னாலோ, வாட்ஸ்அப்பில் வந்தாலோ, அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று நான் கடையில் சொல்வதை அப்படியே இங்கே வைக்கிறேன்.

முதலில் கேட்க வேண்டியது: இந்த இரண்டில் ஒன்று தனியாகவே இந்தக் கெடுதலைச் செய்திருக்க முடியுமா? அடுத்தது: இதே இரண்டையும் சேர்த்துத் தினமும் சாப்பிடுகிற ஊர் எங்காவது உண்டா? மூன்றாவது: இது வயிற்றுக்குள் எப்படியும் நடக்கிற காரியம்தானா? இந்த மூன்றுக்கும் பதில் தேடினாலே பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதிக்குக் காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மீனில் தொடங்குகிறேன். என் சித்தி மகளுக்கு ஒன்பது வயதில் உதட்டோரம் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது, பிறகு விரல் நுனிகளில். “இவள் வயிற்றில் இருக்கும்போது நீ மீனைத் தின்று பால் குடித்திருப்பாய்” என்று சொந்தக்காரர்கள் சித்தியைச் சொன்னார்கள். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த சித்தி அன்றைக்கு மீனை விட்டவள், இருபது வருடம் தொடவில்லை. மகளுக்கு வந்த ஒவ்வொரு வரனும் கலையும்போது தன் நாக்குதான் காரணம் என்று அழுவாள். நான் மருந்தியல் படித்த பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொன்னேன். வெண்புள்ளி என்பது உடம்பின் எதிர்ப்பு சக்தி தோலுக்கு நிறம் தரும் அணுக்களையே எதிரி என்று எண்ணித் தாக்குவதால் வருவது. பரம்பரைக்கும் அதில் பங்கு உண்டு. அது தொழுநோய் இல்லை, ஒட்டாது. தாய் எதைத் தின்றாள், எதைக் குடித்தாள் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. மீனையும் பாலையும் சேர்த்தே பார்க்காத வீடுகளிலும் அது வருகிறது.

இரண்டாவது கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். வங்காளிகள் தயிரில் மீனை வேகவைத்து ‘தொய் மாச்’ என்று விருந்துக்கு வைக்கிறார்கள். ஐரோப்பாவில் பாலாடையிலும் வெண்ணெயிலும் மீன் சமைக்காத நாட்டைத் தேட வேண்டும். அங்கெல்லாம் ஊர் முழுக்க வெண்புள்ளி இல்லை.

ஆனால் நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையிலேயே மீனும் பாலும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை என்று இருக்கிறது. அதே இடத்தில் ஒரு விவாதமும் உண்டு. பத்ரகாப்யர் என்ற முனிவர், சிலிசிமம் என்ற ஒரு வகையைத் தவிர மற்ற மீன்களைப் பாலோடு உண்ணலாம் என்கிறார். ஆத்ரேயர் அதை மறுத்து எந்த மீனும் வேண்டாம் என்கிறார். அந்தக் காலத்திலேயே எல்லோருக்கும் ஒரே கருத்து இருக்கவில்லை என்பதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னால் அவர்களும் ஆர்வமாகக் கேட்கிறார்கள். பரிகாசம் செய்தால் காது கொடுக்க மாட்டார்கள், செய்யவும் கூடாது.

அப்படியென்றால் மீனும் மோரும் சாப்பிட்டு முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, நெஞ்சு படபடக்க ஓடி வருகிறவர்கள்? அவர்களையும் பார்த்திருக்கிறேன். இங்கேதான் முதல் கேள்வி உதவும். சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். பிடித்த மீனை வெயிலில் வைத்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒவ்வாமை வந்தால் நம் உடம்பு சுரக்கிற அதே ஹிஸ்டமின்தான். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது, குளிர்பெட்டியில் வைத்தாலும் குறையாது. சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், அரிக்கும், தலை வலிக்கும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். அந்த நேரத்தில் இலையில் மோரும் இருந்திருந்தால் பழி மோருக்குப் போகும். குளிர்பெட்டியும் ஐஸும் இல்லாத காலத்தில் இது எத்தனை வீட்டில் நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே மோரை விடாதீர்கள், மீனைப் பாருங்கள். குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ கரையில் வாங்கினாலும் சரி, வண்டியில் வருவதை வாங்கினாலும் சரி, மீன் ஐஸில் இருக்கிறதா என்று பாருங்கள். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக இருக்க வேண்டும். வாங்கியதும் வேறு கடைக்கு, ரேஷனுக்கு என்று சுற்றாமல் வீட்டுக்கு வந்து குளிரில் வையுங்கள். சமைத்த மீன் நாக்கில் மிளகு பட்டதுபோல் சுருக்கென்றால் துப்பிவிட்டு சட்டியோடு கொட்டுங்கள். மீனே ஒத்துக்கொள்ளாதவர்களும், பாலில் உள்ள சர்க்கரை செரிக்காதவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்த ஒன்று தனியாக வந்தாலும் கெடுதல்தான்.

அடுத்து மரச்சீனிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. எங்கள் மாவட்டத்தில் இது உயிர் காத்த சாப்பாடு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் பஞ்சத்துக்கு உதவும் என்று இதன் சாகுபடியைப் பரப்பினார். கிழங்கும் மீன்கறியும் இல்லாத வாரம் எங்கள் வீட்டில் கிடையாது. அதனால் கடைக்கு வரும் ஒரு இலங்கைத் தமிழ் அம்மா, “மரவள்ளி திண்ட நாளிலை இஞ்சித் தேத்தண்ணி குடிக்கக் கூடாது பிள்ளை, செத்துப்போவாய்” என்று சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் மீன்கறியிலேயே இஞ்சி இருக்கிறது. கேரளத்தில் கப்பா என்று சொல்லும் இதே கிழங்கோடு மாட்டிறைச்சி சேர்த்துக் கிளறும் கப்பா பிரியாணியில் இஞ்சி தாராளமாக விழுகிறது. கோடிப் பேர் சாப்பிடுகிறார்கள்.

ஆனால் அந்த அம்மாவின் பயத்துக்கு அடியில் ஒரு உண்மை இருக்கிறது. மரச்சீனிக்கிழங்கில் லினமாரின் என்ற பொருள் உண்டு. கிழங்கை நறுக்கும்போதும் மெல்லும்போதும் கிழங்கிலேயே உள்ள ஒரு நொதி அதைத் தொட்டு ஹைட்ரஜன் சயனைடை வெளியேற்றும். இதற்கு இஞ்சியின் உதவி தேவையே இல்லை. கசப்பு வகைக் கிழங்கை அரைவேக்காட்டில் தின்றால் தனியாகவே ஆளைச் சாய்க்கும். என் கணிப்பு இது: கிழங்கு தின்றவருக்கு வயிறு புரட்டியிருக்கும், வீட்டில் உடனே இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்திருப்பார்கள், ஆள் பிழைக்கவில்லை. கடைசியாக வாயில் போனது இஞ்சி, பழியும் அதன் மேல்.

கிழங்கு அவிக்கும் முறையை எங்கள் அம்மா சொன்னபடியே எழுதுகிறேன், ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. தோலையும் அதன் உள்ளே உள்ள தடித்த தோலையும் முழுதாக உரியுங்கள், சயனைடு தரும் பொருள் அங்கேதான் அதிகம். சின்னத் துண்டாக நறுக்கிக் கழுவி, நிறையத் தண்ணீரில் போட்டு மூடாமல் வேகவிடுங்கள். ஹைட்ரஜன் சயனைடு ஏறக்குறைய 26 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், மூடி போட்டால் அது போக வழியில்லை. வெந்ததும் தண்ணீரைக் கட்டாயம் வடித்துக் கொட்டுங்கள். வாயில் வைத்துக் கசந்தால் முழுங்க வேண்டாம். வெட்டினால் உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடியிருக்கிற பழைய கிழங்கையும் ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் இஞ்சிச் சாயா ஆசை தீரக் குடிக்கலாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாலும் எலுமிச்சையும்: பால் திரியும், அவ்வளவுதான். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் அமிலத்தில் கட்டியாகும். வயிற்றில் இருக்கும் அமிலம் எலுமிச்சைக்குக் குறைந்ததில்லை, நீங்கள் குடிக்கும் ஒவ்வொரு டம்ளர் பாலும் உள்ளே போய்த் திரியத்தான் செய்கிறது. பனீர் என்று வாங்கித் தின்பதும் திரிந்த பால்தானே. முட்டையும் வாழைப்பழமும் சேர்த்துத் தின்றால் சாவு என்ற செய்தி வருடம் தவறாமல் என் கைபேசிக்கு வருகிறது. மலபார் வீடுகளில் நோன்பு துறக்கும்போது வைக்கிற உன்னக்காயில் ஏத்தன்பழத்துக்குள் முட்டையும் தேங்காயும் வைத்துப் பொரிப்பது உண்டு. மாம்பழம் தின்று குளிர்பானம் குடித்தவர்கள் சண்டிகரில் செத்தார்கள் என்பதும் அதே ரகம். மாம்பழத்தில் கவலைப்பட வேண்டியது கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்கவைப்பது. அது இந்தியாவில் சட்டப்படி தடை, ஆனாலும் நடக்கிறது. பருவத்துக்கு முன்னால் வரும் பழத்தை வாங்காமல் இருப்பது நல்லது. தர்பூசணி தின்று தண்ணீர் குடிக்கக் கூடாது என்கிறார்கள். அந்தப் பழமே 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். கோடையில் வயிறு போவதற்குக் காரணம், ரோட்டோரத்தில் வெட்டி ஈ மொய்க்க வைத்த துண்டும், அதைக் கழுவிய தண்ணீரும்.

தேனும் நெய்யும் சம அளவு சேர்ந்தால் விஷம் என்பதும் பழைய நூல்களில் இருப்பதுதான். பழனிப் பஞ்சாமிர்தத்தில் இரண்டும் இருக்கின்றன, அளவு மட்டும் சமமில்லை. ஒரு கரண்டியில் இரண்டும் சரிசமமாக விழுந்த நொடியில் புதிதாக ஒரு நஞ்சு உருவாகும் என்று சொல்ல வேதியியலில் எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. ஆனால் தேனில் ஒரு உண்மையான ஆபத்து இருக்கிறது, அதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் தேனில் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அது பொதுவாக வளர்வதில்லை. பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை விட்டு, பிள்ளை பால் உறிஞ்ச முடியாமல் துவண்டுபோகும், மூச்சே நிற்கலாம். பிறந்த பிள்ளைக்குச் சேனை தொட்டு வைக்கிற வீட்டில் தயவுசெய்து தேனை எடுக்காதீர்கள். தாய்ப்பாலே முதல் ருசியாக இருக்கட்டும்.

இப்படிப்பட்ட பயம் நமக்கு மட்டும் உரியதும் இல்லை. 1935-ல் சீனாவின் நான்ஜிங்கில் வாழைப்பழத்தோடு ஒரு கிழங்கைச் சேர்த்துத் தின்றவர்களுக்கு நஞ்சேறியதாகப் பேச்சு கிளம்பியது. செங் ஜி என்ற உயிர்வேதியியல் அறிஞர், சேர்க்கக் கூடாது என்று மக்கள் நம்பிய 14 ஜோடிகளை எடுத்து எலி, நாய், குரங்குகளுக்குக் கொடுத்து, சிலவற்றைத் தாமே தின்று 24 மணி நேரம் காத்திருந்தார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அவர் 110 வயது வரை வாழ்ந்து 2010-ல்தான் மறைந்தார்.

சரி, காரணமுள்ள பயத்துக்கு வருகிறேன். இதை மெதுவாகப் படியுங்கள், முடிந்தால் வீட்டில் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். நம் வீடுகளில் நடக்கிற உண்மையான ‘சேராத சேர்க்கை’ பெரும்பாலும் உணவுக்கும் மாத்திரைக்கும் நடுவில்தான்.

இரும்புச் சத்து மாத்திரையைச் சாயா, காப்பி, பால் மூன்றோடும் போடாதீர்கள். முன்னும் பின்னும் ஓரிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது, அது இரும்பை உடம்பில் சேர்க்கும். கர்ப்பிணிகளுக்கு இரும்பும் கால்சியமும் சேர்த்தே தருகிறார்கள். இரண்டையும் ஒரே வாயில் போட்டால் ஒன்று மற்றதைத் தடுக்கும், ஒன்றைப் பகலிலும் மற்றதை ராத்திரியிலும் வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீரோடு. காப்பிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும், கால்சியத்துக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேரம். டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளைப் பாலோடு விழுங்கினால் பாலின் கால்சியம் அவற்றைக் கட்டிப்போட்டுவிடும், காய்ச்சல் ஏன் விடவில்லை என்று திரும்ப வருவீர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் வகை மாத்திரை எடுப்பவர்கள் கீரையை விட வேண்டியதில்லை. ஆனால் ஒரு வாரம் தினமும் முருங்கைக் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று மாற்றக் கூடாது, ஒரே அளவாக இருக்கட்டும்.

கிரேப்ஃப்ரூட் என்ற பழத்தின் கதை தற்செயலாகக் கிடைத்தது. கனடாவில் டேவிட் பெய்லி என்பவரின் குழு ஃபெலோடிபின் என்ற ரத்தஅழுத்த மாத்திரையையும் மதுவையும் சேர்த்துச் சோதித்தது. மதுவின் ருசி தெரியாமலிருக்க அந்தப் பழச்சாற்றில் கலந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக ஏறியது. காரணம் சாறுதான் என்பது அப்புறம் தெரிந்தது. 1989-ல் அது வெளிவந்தது. மருந்தைச் சிதைக்கும் குடல் நொதியை அந்தப் பழம் முடக்கிவிடுகிறது. நம் ஊர்ப் பம்ளிமாஸிலும் அதே வகைப் பொருள்கள் உண்டு. கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் எடுக்கிறவர்கள் பம்ளிமாஸ் பருவத்தில் மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரம் தெரியும் நட்சத்திரப் பழம் அவர்களுக்கு நஞ்சு. விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். எனலாப்ரில், லோசார்டன் போன்ற மாத்திரைகளும் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும், சிறுநீரகமும் சரியில்லை என்றால் இதயத் துடிப்பே தடுமாறும். இலும்பிப்புளி, பிலிம்பி என்று சொல்லும் காயை மீன்கறியில் நாலு போடுவது வேறு. கொழுப்பு கரையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதன் சாற்றை டம்ளர் கணக்கில் குடித்துச் சிறுநீரகம் கெட்டவர்களைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதில் உள்ள ஆக்சாலிக் அமிலம் சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்துவிடுகிறது. ‘இயற்கை மருந்து’ என்று சாறு பிழியும் முன் இதை நினையுங்கள்.

அப்புறம் சோறு. பிரியாணிப் பொட்டலத்தை மத்தியானம் வாங்கி, ராத்திரி வரை மேசையில் வைத்துச் சூடாக்கித் தின்பது, எந்தச் சேர்க்கையையும்விட அதிகம் பேரை என் கடைக்கு அனுப்புகிறது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் முளைத்து, வாந்தி எடுக்க வைக்கும் ஒரு நஞ்சை விடும். சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் சின்னப் பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டால், “எதோடு எதைத் தின்றோம்” என்று யோசிப்பதற்கு முன் மூன்று நேரங்களை எழுதுங்கள்: சமைத்தது எப்போது, தின்றது எப்போது, தொந்தரவு தொடங்கியது எப்போது. கூடவே என்ன மாத்திரை போட்டீர்கள், அதே சாப்பாட்டைத் தின்ற மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதையும். சில நிமிடத்தில் தடிப்பும் அரிப்பும் என்றால் ஒவ்வாமையோ ஹிஸ்டமினோ. ஒன்று முதல் ஆறு மணி நேரத்தில் வாந்தி என்றால் வெளியில் கிடந்த சாப்பாட்டின் நஞ்சாக இருக்கலாம். அரை நாள் கழித்து, சில சமயம் இரண்டு மூன்று நாள் கழித்துக் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு என்றால் கிருமித் தொற்று, அன்றைக்கு மத்தியானம் குடித்த மோரைத் திட்டிப் பயனில்லை. வெறும் வயிற்று உப்புசம்தான் என்றால், சந்தேகப்படும் இரண்டையும் வேறு வேறு நாளில் தனித்தனியாகக் கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்கள், எது என்று தெரிந்துவிடும். ஆனால் உதடோ நாக்கோ வீங்கியிருந்தால், மூச்சு இழுத்திருந்தால், வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். எழுதிய தாளையும் மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.